‘ஜனநாயக’ என்ற சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். சங்கத்து ஆண்டறிக்கை, தேர்தல் நேரத் துண்டறிக்கை, மொழிபெயர்ப்பு நூல், போட்டித் தேர்வுக் கையேடு என்று எது மேசைக்கு வந்தாலும் அதில் எங்காவது ஓர் இடத்தில் ‘ஜனநாயக’ உட்கார்ந்திருக்கும். பாதி இடங்களில் அதை எடுத்துவிட்டாலும் வாக்கியத்துக்கு ஒன்றும் ஆகாது, கறிவேப்பிலையை ஓரம் ஒதுக்கிய குழம்பு மாதிரி. மீதி இடங்களில் அந்தச் சொல்லை எடுத்தால் வாக்கியமே சாய்ந்துவிடும். எது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு வேலை.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், புதிதாக எழுத வந்த பிள்ளைகள் ஆகியோர் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

‘ஜனநாயக’ என்றால் சுருக்கமாக என்ன அர்த்தம்?

பேச்சுத் தமிழில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டைப் பற்றியோ ஆபீஸைப் பற்றியோ “அங்கே கேள்விமுறையே கிடையாது” என்கிறோம் அல்லவா, அதற்கு நேர் எதிர்தான் ஜனநாயகம். அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கலாம். கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் சரியில்லை என்றால் சண்டை சச்சரவு இல்லாமல் அவரை மாற்றவும் வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருக்கிற ஏற்பாட்டைச் சேர்ந்த எதையும் ‘ஜனநாயக’ என்று சொல்லலாம். ஓட்டு இதில் ஒரு கருவி. முக்கியமான கருவிதான், ஆனால் ஓட்டு மட்டுமே ஜனநாயகம் ஆகிவிடாது. கீழே வரும் பதில்களில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கருத்துக்கான பெயர் கிரேக்கத்தில் பிறந்தது. ‘டெமோஸ்’ என்றால் மக்கள், ‘கிராட்டோஸ்’ என்றால் அதிகாரம், வலிமை. இரண்டும் சேர்ந்து ‘டெமோக்ராட்டியா’. ஏதென்ஸ் நகரத்தில் கி.மு. 508 வாக்கில் கிளெய்ஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களிலிருந்து அந்த ஆட்சிமுறையின் கதையைச் சொல்லத் தொடங்குவது வழக்கம்.

தமிழில் இது ஜனம் + நாயகம். இந்த ‘நாயகம்’ சுவாரஸ்யமான சொல். நபிகள் நாயகம் என்கிறோம். சட்டப்பேரவையை நடத்துபவரைச் சபாநாயகர் என்கிறோம். சிதம்பரத்தில் ஆடும் நடராசருக்கும் அதே பெயர்தான். இலங்கைத் தமிழ் அலுவலகங்களில் ‘பணிப்பாளர் நாயகம்’ என்று ஒரு பதவி உண்டு, துறைக்கே தலைவர் என்று பொருள். ஆக, எல்லாருக்கும் மேலே இருப்பது யாரோ அது நாயகம். ‘ஜனநாயகம்’ என்ற சொல் அந்த நாற்காலியில் ஜனத்தை உட்கார வைக்கிறது.

பக்கத்து மொழிகளும் இதே தச்சு வேலையைத்தான் செய்திருக்கின்றன. மலையாளத்தில் ‘ஜனாதிபத்யம்’, ஜனமே அதிபதி. தெலுங்கில் ‘ப்ரஜாஸ்வாம்யம்’, பிரஜைகளே சுவாமி. கன்னடத்தில் ‘ப்ரஜாப்ரபுத்வ’, பிரஜைகளே பிரபு. நாயகன், அதிபதி, சுவாமி, பிரபு: பழைய எஜமானர்களின் பட்டங்களை எல்லாம் கழற்றி ஜனத்தின் தலையில் மாட்டியிருக்கிறார்கள். ஆட்சியைப் பற்றிப் பேச நமக்குக் கையில் இருந்த சொற்கள் அவைதான்.

ஜனநாயகம், சனநாயகம், மக்களாட்சி, குடியாட்சி: எதை எழுதுவது?

நான்கும் சரி. கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் ‘சனநாயகம்’ என்பார்கள். இலங்கையின் அதிகாரபூர்வப் பெயரிலேயே ‘சனநாயக’ என்றுதான் இருக்கிறது. தனித்தமிழ் வேண்டும் என்றால் ‘மக்களாட்சி’. பள்ளிப் பாடநூல்களில் இது நன்றாகவே வேரூன்றிவிட்டது.

‘மக்களாட்சி’யில் ஒரே ஒரு இடைஞ்சல். ஆட்சியைப் பற்றிப் பேசும்போது கச்சிதமாகப் பொருந்தும்; ஆட்சி இல்லாத இடத்தில் இடிக்கும். ‘உட்கட்சி ஜனநாயகம்’ என்று எழுதலாம், ‘உட்கட்சி மக்களாட்சி’ என்று எழுதினால் கட்சிக்குள் யாரோ தனி அரசாங்கம் நடத்துவது போல இருக்கும். ‘மக்களாட்சி மனப்பான்மை’ என்பதும் நாக்கில் ஒட்டாது. நான் மூலத்தை எழுதியவரின் வழக்கத்தை மாற்றுவதில்லை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால் மட்டும் திருப்பி அனுப்புவேன்.

‘குடியாட்சி’ அழகான சொல்தான். ஆனால் பாவம், டாஸ்மாக் காலத்தில் மாட்டிக்கொண்டது. ‘குடிமகன்’ என்றாலே செய்தித்தாள் தலைப்பில் தள்ளாடுபவர்தான் நினைவுக்கு வருகிறார். அதற்கும் முன்னால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. பல ஊர்களில் முடி திருத்துபவரையும் துணி வெளுப்பவரையும் ‘குடிமகன்’ என்பார்கள், ஊருக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்ற பொருளில். இன்று அரசியல் சாசனத்தின் தமிழாக்கத்தில் நாட்டுக்கே உரிமையாளர் என்று நிற்கும் சொல் அது. இந்தத் தூரத்தை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

குடியரசு என்பதும் இதுதானா?

இல்லை. குடியரசு என்றால் நாட்டின் தலைமைப் பதவி பரம்பரைச் சொத்து அல்ல என்று அர்த்தம். அவ்வளவுதான். பிரிட்டனிலும் ஜப்பானிலும் இன்றைக்கும் அரச குடும்பம் இருக்கிறது. அவை குடியரசுகள் அல்ல, ஆனால் ஜனநாயக நாடுகள். வடகொரியா தன்னைக் குடியரசு என்கிறது. அங்கே தாத்தா, அப்பா, பேரன் என்று ஆட்சி இறங்கி வந்திருக்கிறது. குடியரசு என்ற சொல்லுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இந்திய அரசியல் சாசனத்தின் முகப்புரை இரண்டையும் சேர்த்து ‘ஜனநாயகக் குடியரசு’ என்கிறது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டபோதே இந்த இரண்டு சொற்களும் அதில் உண்டு. ‘சமதர்ம’, ‘சமயச் சார்பற்ற’ என்பவை பின்னால், 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாக வந்தவை. அது நெருக்கடிநிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், தேர்தல் தள்ளிவைப்பு. அத்தனைக்கும் நடுவில் முகப்புரையைத் திறந்து புதுச் சொற்கள் சேர்த்தவர்கள், ‘ஜனநாயக’ என்ற சொல்லில் கை வைக்கவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே இருந்தது.

இன்னொன்று. இந்தியில் ‘கணதந்த்ர’ என்றால் குடியரசு. வங்க மொழியில் அதே சொல்லுக்கு ஜனநாயகம் என்று பொருள். மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் இதில் கால் இடறாமல் இருக்க வேண்டும்.

‘ஜனநாயகமான’, ‘ஜனநாயக ரீதியான’, ‘ஜனநாயகப்பூர்வமான’: எது நல்ல தமிழ்?

மரம் என்பது மரக்கிளை ஆவதுபோல ஜனநாயகம் என்பது ‘ம்’ போய் ‘ஜனநாயக’ ஆகிறது. அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஜனநாயகக் கடமை, ஜனநாயகத் தேர்தல், ஜனநாயகப் பண்பு. ‘ஜனநாயக நாடு’, ‘ஜனநாயக விரோதம்’ என்பவற்றில் மிகாது. முக்கால்வாசி இடத்தில் இதுவே போதும்.

‘ரீதியான’ என்பதை நான் பார்த்த இடத்தில் வெட்டிவிடுவேன். “ஜனநாயக ரீதியான முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட” என்று ஒருவர் எழுதியிருந்தார். ரீதி என்றாலும் முறைதான், முறை என்றாலும் முறைதான். “தேர்தலில் வென்ற” என்று மாற்றிக் கொடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஒரு மனிதரைப் பற்றி “அவர் ரொம்ப ஜனநாயகமான ஆள்” என்று எழுதினால் காதுக்குப் புதிதாக இருக்கிறது. “எல்லாரையும் கலந்து பேசித்தான் எதையும் செய்வார்” என்றால் யாருக்கும் புரியும். எதிர்ப்பக்கத்துக்கோ நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர், வைத்ததே சட்டம் என்பவர், நாட்டாமை பண்ணுபவர், தடியெடுத்தவன் தண்டல்காரன்… சொந்த அனுபவம் இல்லாமலா இத்தனை சொற்கள் முளைத்திருக்கும்?

அமெரிக்கச் செய்தியில் வரும் ‘ஜனநாயகக் கட்சி’க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அது ஒரு கட்சியின் பெயர், அவ்வளவே. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் கட்சி, சிறிய எழுத்தில் தொடங்கினால் பண்பு என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதனால் “ஜனநாயகவாதிகள் எதிர்ப்பு” என்று தலைப்பு வந்தால், எதிர்த்தது டெமாக்ரட் கட்சிக்காரர்களா, ஜனநாயகத்தில் நம்பிக்கை உள்ளவர்களா என்று தெரியாது. கட்சிக்காரர்களை ‘ஜனநாயகக் கட்சியினர்’ என்று எழுதிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

பெயரிலேயே ‘ஜனநாயக’ வைத்திருக்கும் நாடுகள்?

கிழக்கு ஜெர்மனியின் முழுப் பெயர் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு. 1949 முதல் 1990 வரை அந்தப் பெயரில் இருந்தது. 1961இல் தன் மக்கள் வெளியேறிவிடாமல் பெர்லினில் சுவர் கட்டியது. வடகொரியாவின் பெயரில் ‘ஜனநாயக’மும் உண்டு, ‘மக்க’ளும் உண்டு. அக்மார்க் நெய் என்று தகரத்தில் எழுதியிருப்பதை வைத்து நெய்யை முடிவு செய்ய முடியுமா? முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பெயரில் இருந்தாலே பொய் என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கை 1978 அரசியலமைப்பின்படி ‘சனநாயக சோசலிசக் குடியரசு’. அங்கே தேர்தலில் தோற்றவர்கள் பதவியை விட்டு இறங்கியிருக்கிறார்கள். சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடலாம். 2024இல் முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், முதன்முறையாக அடுத்த விருப்பங்களையும் எண்ணித்தான் வெற்றியாளரை அறிவித்தார்கள். அதே நாட்டில் பெரும்பான்மையின் பலத்தால் என்னென்ன நடந்தது என்பது வேறு கதை. அதற்கும் வருகிறேன்.

குடவோலை முறைதான் உலகத்துக்கே முதல் ஜனநாயகம் என்கிறார்களே?

மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கல்வெட்டை வாசித்தால் இன்னும் சுவையான விஷயம் கிடைக்கும்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஊர் மகாசபை கூடியிருக்க, நம்பிமாரில் (கோயில் அர்ச்சகர்களில்) மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதே! பிறகு அவர் வாசிப்பார், அங்கிருக்கும் நம்பிமாரும் வாசிப்பார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே தில்லுமுல்லு எப்படி நடக்கும் என்று யோசித்து யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கவனியுங்கள், இது ஓட்டு இல்லை, குலுக்கல். அதனால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஏதென்ஸிலும் பெரும்பாலான பதவிகளைக் குலுக்கலில்தான் நிரப்பினார்கள். தேர்தல் வைத்தால் பணமும் பேரும் உள்ளவர்கள் ஜெயிப்பார்கள், குலுக்கல்தான் ஜனநாயகத்துக்குரியது என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து.

ஆனால் ஓலையில் யார் பெயரை எழுதலாம்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு, வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் ஊர்ச்சபை. பெண்கள் இல்லை, நிலத்தில் உழைத்தவர்கள் இல்லை. ஏதென்ஸிலும் பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் இல்லை. எனவே ‘முதல் ஜனநாயகம்’ என்ற பட்டத்துக்காக நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த விதி வேறு. முன்பு வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டும் அல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. தம்பி பெயரில், மைத்துனர் பெயரில் நிற்கும் வேலை எல்லாம் அங்கே நடக்காது.

ஓட்டெடுப்பு நடத்தி முடிவெடுத்தால் அது ஜனநாயக முடிவுதானே?

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 24 வீடு. கோடையில் கிணறு வற்றியதும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடலாமா, லாரித் தண்ணீர் வாங்கி நாள் முழுக்க விடலாமா என்று கேள்வி. மொட்டை மாடியில் கூட்டம், பிளாஸ்டிக் நாற்காலி, சமோசா. கையைத் தூக்கச் சொன்னார்கள். இரண்டு வேளைத் தண்ணீர் போதும் என்று 11 கை, லாரி வேண்டும் என்று 4 கை. “ஜனநாயக முறைப்படி தீர்மானம் நிறைவேறியது” என்று செயலாளர் நோட்டில் எழுதினார்.

மீதி 9 வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை, உரிமையாளர்கள்தான் சங்க உறுப்பினர்கள். அந்த வீடுகளின் உரிமையாளர்கள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள், வரவில்லை. வந்த 15 பேரில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை. வாடகை வீட்டில் மூன்று இருந்தன. நான்காம் தளத்தில் குடியிருக்கும் அம்மா மட்டும் படிக்கட்டுப் பக்கம் நின்று, “பகல்ல குழந்தை துணிய எப்பங்க அலசறது?” என்று கேட்டார். “நீங்க ஓனர்கிட்ட சொல்லுங்கம்மா” என்று பதில் வந்தது.

எண்ணிக்கையில் தப்பே இல்லை. 11 என்பது 4ஐ விடப் பெரிதுதான். அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவர்கள் கணக்கிலேயே வரவில்லை என்பதுதான் கோளாறு. ‘ஜன’ என்று சொல்லும்போது யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1921இல் வந்தது, அதுவும் சொத்து, வரி என்று தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். ஜனநாயகத்துக்குப் பேர் போன சுவிட்சர்லாந்தில் நாடளாவிய தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட 1971 வரை காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய நாள் வரை அங்கே யாரைக் கேட்டாலும் “எங்கள் நாடு ஜனநாயக நாடு” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்?

இதற்கு இலங்கையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை தந்த நாடு அது. ஆசியாவிலேயே முன்னோடி. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களும் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் அவர்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். 1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்ததற்கோ, இல்லாவிட்டால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவரிடம் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? லட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவர்களுக்காகப் பேச ஓர் உறுப்பினர்கூட இல்லை.

அந்தச் சட்டங்கள் எப்படி நிறைவேறின? முறைப்படி, நாடாளுமன்றத்தில், பெரும்பான்மை வாக்குகளோடு. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆனதும் அப்படித்தான். நாடற்றவர் பிரச்சினை இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அடுத்தடுத்த சட்டங்கள் என்று இழுத்துக்கொண்டே போய் 2003இல் வந்த சட்டத்தோடுதான் ஒரு முடிவுக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேல்.

ஆகவே, இன்றைக்குத் தோற்றவன் நாளைக்கு ஜெயிக்க வழி இருக்கும் வரைதான் பெரும்பான்மை முடிவுக்கு ஜனநாயக முடிவு என்று பெயர். தோற்றவனின் ஓட்டையே பறிக்க ஓட்டெடுப்பு நடத்தினால் அதற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

ஊரே கூடி ஒருமனதாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தால்? செலவும் மிச்சம், சண்டையும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் எங்காவது ஊராட்சித் தலைவர் பதவியை ஏலம் விட்ட செய்தி வரும். கோயில் திருப்பணிக்கு இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் கூட்டிக் கேட்பார். முடிந்ததும் மற்றவர்கள் மனுத் தாக்கல் செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு. மாநிலத் தேர்தல் ஆணையமும் ஒவ்வொரு முறையும் இது சட்டவிரோதம் என்று எச்சரிக்கும். காகிதத்தில் மட்டும் பார்த்தால் ‘போட்டியின்றித் தேர்வு’ என்று சுத்தமாக இருக்கும்.

ஒருமனதில் இரண்டு வகை உண்டு. கேட்டுப் பேசி எல்லாரும் ஒத்துக்கொண்டது ஒன்று. வாயைத் திறக்க முடியாததால் ஒருமனதானது இன்னொன்று. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 1996 முதல் பத்து வருடம் அங்கே தலைவர் நிலைக்கவில்லை. ஒன்று, யாரும் மனுப் போட முடியவில்லை. இல்லாவிட்டால் நிற்க வைக்கப்பட்டவர் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்தார். ‘ஊர் முடிவு’ என்றுதான் அதற்குப் பெயர். 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள். அதே மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்வான தலித்தான முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு அந்த ஊர்களின் மௌனத்தைப் படிக்கக் கூடாது.

கிராம சபை பற்றி?

தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கு நாட்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாட்களும் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள யாரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். பிரதிநிதி வழியாக இல்லாமல் நேராகவே கேட்கிற இடங்கள் நம் நாட்டில் குறைவு, அதில் இது ஒன்று.

என் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். வேப்ப மரத்தடியில் ஷாமியானா. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே உட்கார வைத்திருந்தார்கள். தீர்மான நோட்டு வரிசையாகக் கைமாறி வந்தது. என்னிடம் வந்தபோது பார்த்தால் மேலே தேதி மட்டும் இருக்கிறது, கீழே கையெழுத்துகள், நடுப்பக்கம் காலி. “தீர்மானம் எங்கே?” என்று கேட்டேன். “அப்புறம் எழுதிக்குவோம் சார், நீங்க போடுங்க” என்றார் நோட்டைக் கொண்டு வந்தவர். பக்கத்தில் இருந்த பாட்டி என்னைப் பார்த்து, “எழுதிட்டு வாடான்னு சொல்லு” என்றார். சத்தமாகத்தான் சொன்னார். அரை மணி நேரத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள். குளம் தூர்வாரியதில் ஒரு தொகை இருந்தது. அதைப் பற்றி ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. சட்டத்தில் உள்ள ‘ஜனநாயக’ என்ற சொல்லை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

‘ஜனநாயகக் கடமை’, ‘ஜனநாயகத் திருவிழா’, ‘ஜனநாயகப் படுகொலை’ இவற்றை எல்லாம் எப்போது எழுதலாம்?

முதலாவது ஓட்டுப் போடுவதைக் குறிக்க நிலைத்துவிட்டது. பிரமுகர்கள் மை வைத்த விரலைக் காட்டும் படத்துக்குக் கீழே கட்டாயம் இருக்கும். (அந்த மை மைசூரில் அரசு நிறுவனம் ஒன்றில் தயாராகிறது, 1962 தேர்தலிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது.) ‘திருவிழா’ தேர்தல் ஆணையத்து விளம்பர மொழி. ‘படுகொலை’ எதிர்க்கட்சி மொழி: ஆட்சி மாறினால் சொல்கிற வாயும் மாறும். நம் ஜனநாயகம் இதுவரை எத்தனை தடவை படுகொலை ஆகியிருக்கும் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடித்தது தெருவில் பிறந்த ‘பணநாயகம்’. இரண்டே எழுத்து மாற்றம். ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முழுக் கதையும் அதற்குள் அடங்கிவிட்டது. எந்த அறிஞர் குழுவும் உட்கார்ந்து ஆக்காத கலைச்சொல்.

யாரையும் பிடிக்கவில்லை. ஓட்டுப் போடாமல் இருப்பதும் ஜனநாயக உரிமைதானே?

இந்தியாவில் ஓட்டுக் கட்டாயம் இல்லை. முன்பு இதைப் பதிவு செய்ய ‘49 ஓ’ என்ற தேர்தல் விதிதான் வழி. வாக்குச்சாவடி அதிகாரியிடம் “எனக்கு ஓட்டளிக்க விருப்பம் இல்லை” என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட்டுகள் எல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், ரகசியமே இல்லை. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இயந்திரத்திலேயே ‘நோட்டா’ பொத்தான் வந்தது. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் யார் முதலோ அவர் ஜெயித்ததாகத்தான் கணக்கு. மனக்குறையைப் பதிவு செய்ய உதவும், மாற்றத்துக்கு உதவாது.

தொழில்நுட்பத்தை ‘ஜனநாயகப்படுத்துதல்’ என்கிறார்களே?

விற்பனைப் பேச்சு. ‘எல்லாருக்கும் எட்டும்படி செய்தல்’ என்று எழுதுங்கள். கேள்வி கேட்கவும் மாற்றவும் வழி தராமல், விலையை மட்டும் குறைத்தால் அதற்குப் பெயர் மலிவு.

கம்யூனிஸ்ட் கட்சிகள் சொல்லும் ‘ஜனநாயக மத்தியத்துவம்’?

முடிவெடுக்கும் வரை கட்சிக்குள் எப்படி வேண்டுமானாலும் வாதாடலாம், முடிவு எடுத்தபின் எல்லாரும் கட்டுப்பட வேண்டும் என்ற அமைப்புக் கொள்கை. இரண்டு சொல்லில் எது எந்த அளவு என்பது கட்சிக்குக் கட்சி, காலத்துக்குக் காலம் மாறும்.

அரசியலுக்கு வெளியே, வீட்டிலும் பள்ளியிலும் இந்தச் சொல்லுக்கு வேலை உண்டா?

அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதை வாசித்தால் இந்தக் கேள்வியே வராது. ஜனவரி 26 முதல் நாம் ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் இருக்காது என்றார் அவர். ஒரு வருடம் முன்பு அதே சபையில், இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகமற்றது, ஜனநாயகம் அதன் மேல் தூவிய மேலுரம் மட்டுமே என்ற பொருளிலும் பேசினார். மேலுரம் போட்டுப் பழகிய விவசாயிக்கு அந்த உவமை எளிதில் புரியும்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு நடத்த முடியாது. ஐந்து வயதுப் பையனுக்கு ஊசி போடலாமா என்று கை தூக்கச் சொல்ல முடியுமா? ஆனால் கல்லூரியில் என்ன படிப்பது, யாரைக் கல்யாணம் செய்வது என்ற இடத்தில், சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்கிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. “எங்க வீட்ல எல்லாம் டெமாக்ரடிக்தான்” என்று சொல்பவர் பெரும்பாலும் அப்பாவாக இருப்பார். மற்றவர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எங்கள் சங்க விதிமுறையில் ‘ஜனநாயக முறையில் செயல்படும்’ என்று ஒரு வரி போட்டால் போதுமா?

போதாது. அந்த வரிக்குப் பதிலாக இவற்றை எழுதுங்கள். கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு, குறைந்தது எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், வரவு செலவை எந்தத் தேதிக்குள் எல்லாரும் பார்க்க வைப்பது, நிர்வாகியை நடுவில் நீக்க எத்தனை பேர் கையெழுத்து, ஒருவர் தொடர்ந்து எத்தனை தடவை பதவியில் இருக்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்வதானால் இவற்றில் சிலவற்றை எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் குடியிருப்புச் செயலாளர் இதைக் கேட்டபோது நான் இன்னும் ஒன்று சேர்க்கச் சொன்னேன்: தண்ணீர், லிப்ட், குப்பை பற்றிய முடிவுகளில் குடியிருப்பவருக்கு ஓட்டு, வாடகைக்கு இருந்தாலும். அடுத்த பொதுக்குழுவில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நான்காம் தளத்து அம்மா இப்போது இங்கே இல்லை, ஏப்ரலில் வீடு மாறிப் போய்விட்டார்.